ஆறு படிக் கொலு

"திருப்பி அனுப்பும் காரணம்: இனி தேவையில்லை."

விஜயதசமிக்கு மறுநாள் தேதியிட்டு, ஓர் அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அச்சாகியிருந்த வாசகம் இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். சீட்டைப் பிய்த்து என் கோப்பில் வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் இருந்தது, கழற்றி மாட்டக்கூடிய ஏழு படி இரும்புத் தகட்டுக் கொலுப்படி. மேல்படியில் குங்குமம் கொட்டியிருந்தது. மூன்றாம் படியின் மடிப்பில் ஒரு சுண்டல் கடலை சிக்கிக் காய்ந்து கிடந்தது. நவராத்திரிக்கு முந்தின வாரம் வாங்கி, ஒன்பது நாளும் அம்பாளை உட்காரவைத்து, பொம்மைகளைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றிய கையோடு, படியை மட்டும் செய்தவன் தலையில் கட்டியிருந்தது அந்தக் குடும்பம். காரணத்தில் பொய் இல்லை. உண்மையிலேயே இனி தேவையில்லைதான், அடுத்த புரட்டாசி வரை.

பெட்டி திரும்பி வந்த இடம் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் என் தங்கையின் கணவர் நடத்திவந்த பட்டறை. அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நான் வேலை பார்த்தது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில். இந்த ஊர்ப் பழையவர்கள் அதை இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரால் எத்தா சிவில் என்பார்கள். அங்கே பிடித்த பழக்கம், எதற்கும் தேதி குறித்துவைப்பது. ஆனால் இந்தக் கதையில் ஆங்கிலத் தேதிகளையும் ஆண்டையும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இதே ஊரில் பால் வாங்கிக்கொண்டு நடமாடுகிறார்கள். பண்டிகைகளைக் கொண்டே நாளைச் சொல்கிறேன்.

அன்று ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குட்டி லாரியே வந்து நின்றது. பெட்டிகளைப் பிரித்தவர், பட்டறையில் பேக்கிங் வேலை பார்த்த வைத்திக்குப்பத்துப் பெண்மணி. மாப்பிள்ளை உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

"இந்தாங்கண்ணா, இதுல சந்தனம். இதுல விபூதி. இன்னும் கொஞ்சம் தேடுனா மாவிளக்கே கெடைக்கும் போல" என்றார்.

"சிரிக்காதக்கா" என்றார் மாப்பிள்ளை.

"நான் எங்க சிரிக்கிறேன்? சாமி குடியிருந்த படி திரும்பி வந்திருக்கு. ஆரத்தி எடுத்து உள்ள கூப்புடணுமா, இல்ல அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுடலாமா, அத சொல்லுங்க."

அதே வாரம்தான் ஒரு டெலிவரி கம்பெனியின் ஆள் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். பார்சல் குடோனுக்கு இடம் தேடி அலைந்தவன் அவன். கூரையை அண்ணாந்து பார்த்தான், கதவின் அகலத்தைக் காலால் அளந்தான், கடைசியில் நடுவில் நின்ற, தகட்டை அழுத்தி மடிக்கும் பவர் பிரஸ்ஸைக் காட்டி, "இந்த மெஷின மட்டும் எடுத்துட்டீங்கன்னா எடம் சூப்பர் சார்" என்றான். "அடுத்த கொலு வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்" என்று மாப்பிள்ளை அவனுக்குத் தவணை சொல்லியிருந்தார். ஆக அடுத்த ஒரு வருஷம் முழுக்க அந்தக் குடும்பத்தில் ஒரே கேள்விதான்: பிரஸ் இருக்குமா, போகுமா?

அந்த பிரஸ் அவருக்கு என்ன என்பதைச் சொல்லவேண்டும். பல வருஷம் இன்னொருவர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பழைய பிரஸ் ஒன்றைக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்றுதான், "தயாரிப்பாளர்கள்" என்ற சொல்லோடு பெயர்ப்பலகை மாட்டினார். தகட்டின் விளிம்பை மடித்து அடிக்கும் டை என்னும் இரும்பு அச்சைத் தானே செய்தார். அந்த பிரஸ்ஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலு சுவரும் ஒரு கூரையும். அதை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடலாம். வாடகைக்கு விடுவதற்குப் புதுச்சேரியில் ஆளா இல்லை? பாட்டன் கட்டிய வீட்டுக்கு மஞ்சள் பூசி, வாசலில் ஒரு சைக்கிளைச் சாய்த்து, தனக்கே வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயர் ஒன்றை மாட்டி, அறை வாடகைக்கு விடுகிறவர்களால் பாதி ஊர் நிரம்பிவிட்டது. மீதி ஊரும் அந்த யோசனையில் இருக்கிறது. ஒரு பொருளைச் செய்து விற்பவர் என்று சொல்லிக்கொள்ள எங்கள் குடும்பத்தில் இவர் ஒருவர்தான் இருந்தார்.

இதெல்லாம் தொடங்கியது கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்கில். சிறுதொழில்களை இணையத்துக்கு அழைத்துச் செல்லும் கருத்தரங்கு. துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். மேடையில் பேசியவர், கோட்டுக்குள் வியர்த்தபடி, "தயாரிப்பாளருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இனி யாரும் இல்லை!" என்றார். கை தட்டினார்கள். நான் அதைத் தேதியோடு குறித்துக்கொண்டேன். பிறகு வந்த வருஷங்களில் அந்த வரிக்குக் கீழே ஒவ்வொரு பெயராகச் சேர்த்துக்கொண்டே போனேன். இணையக்கடை; அதன் விளம்பரப் பிரிவு; படம் எடுத்துக்கொடுக்கும் ஸ்டூடியோ; கிடங்கு; கூரியர்; கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட்; அவர் சரியில்லை என்று சொல்ல ஓர் ஆலோசகர். நடுவில் யாருமே இல்லாத இடத்தில் இத்தனை பேர் எப்படி நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதற்கு முன்பு மாப்பிள்ளை நேரு வீதிப் பாத்திரக்கடைகளுக்குப் படிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரர்களைப் பற்றி உருகி எழுதமாட்டேன். அவர்களும் மதியம் வரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு "நாளைக்கு வாங்களேன்" என்றவர்கள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. படியை அவர்கள் கையால் தட்டிப் பார்த்தார்கள். மேலே ஏறி நின்று பார்த்த கடைக்காரர்கூட உண்டு. இணையக்கடையில் தட்டிப் பார்க்க ஆளில்லை. அங்கே பொருளைப் படத்தில் பார்க்கிறார்கள், பெட்டியில் அளக்கிறார்கள்.

முதலில் பெட்டிதான் வேலையைக் காட்டியது. பெட்டி பெரிதானால் கூரியர் செலவு அடுத்த தட்டுக்கு ஏறிவிடும். அதனால் படியின் அகலத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தார். எடை கூடாது என்றார்கள், தகட்டை மெலிதாக்கினார். கொலுவில் செட்டியார் பொம்மை உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடித்த மனிதர், பெட்டிக்குள் படி அடங்குகிறதா என்று பார்த்து அடிக்கத் தொடங்கினார். செட்டியாரின் பின்பக்கம் பாதி வெளியே தொங்கியது. அந்த வருஷம் வந்த விமர்சனம் ஒன்று எனக்கு மனப்பாடம்: "செட்டியார் விழுந்து உடைந்துவிட்டார். ஒரு நட்சத்திரம்." அதற்கடுத்த விமர்சனம் அதைவிட அழகு: "படத்தில் இருந்த பொம்மைகள் பெட்டியில் வரவில்லை. ஏமாற்று வேலை. ஒரு நட்சத்திரம்." படியின் விலைக்குத் தசாவதாரமும் சேர்ந்து வரும் என்று நம்பிய அந்த அறிவாளியின் தீர்ப்பு, அடுத்து வாங்க வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது. என் நாட்டின் உற்பத்தித் துறைக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இப்படிப்பட்டவர்கள் கட்டைவிரலில் இருக்கிறது.

அப்புறம் திருப்பி அனுப்பும் வசதியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பலன்தான் நான் தொடக்கத்தில் சொன்ன சுண்டல் கடலை. தொடர்ந்து இரண்டு விஜயதசமிகளில் இதே கூத்து. இரண்டாவது தடவைதான் டெலிவரி கம்பெனிக்காரன் வந்தான், மாப்பிள்ளையும் தவணை சொன்னார்.

ஆனி மாதத்தில் ஆலோசகர் வந்தார். சென்னையிலிருந்து, மடிக்கணினியோடு, கணுக்கால் தெரியும் பேன்ட்டில். வயது முப்பதுக்குள் இருக்கும். பேச்சில் மரியாதை குறையவில்லை, அதைச் சொல்லவேண்டும். ஷெட்டில் ஒரு டிரம்மின் மேல் பலகையைப் போட்டுக் கணினியைத் திறந்தார். பிரஸ்ஸின் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"சார், இங்க பாருங்க. மூணு படி, அஞ்சு படி, ஏழு, ஒம்போது. எல்லாத்துலயும் செல்லர் குவிஞ்சு கெடக்கான். அடிச்சுக்கிட்டுச் சாவுறான். இப்ப ஆறுல பாருங்க." திரையைத் திருப்பினார். "ஒருத்தன்கூட இல்ல. மொத்தமா காலி."

"ஏன் காலின்னு யோசிச்சீங்களா தம்பி?" என்றேன்.

"அதான் சார் வாய்ப்பு."

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். அதில் ஒரு பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. எதன் கோடு என்று அவரும் கேட்கவில்லை, ஆலோசகரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சாப்பாட்டுக் கேரியரோடு என் தங்கை உள்ளே வந்தாள். வருஷா வருஷம் வீட்டில் கொலு வைக்கிறவள்.

"இன்னாது, ஆறு படியா? எவ வெப்பா ஆறு படியில கொலு? ஒத்தப்படையில தானே வெப்பாங்க!"

"ஆன்ட்டி, கஸ்டமர் மைண்ட் இப்ப மாறிடுச்சு" என்றார் ஆலோசகர்.

"கஸ்டமர் மாறலாம் தம்பி. நவராத்திரி மாறலியே. உங்க வீட்டுல கொலு உண்டா?"

"இல்ல ஆன்ட்டி. ஆனா டேட்டா இருக்கு."

அக்கா பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, "எங்க வீட்லயும் கொலு கெடையாது, டேட்டாவும் கெடையாது. எனக்கே தெரியுது" என்றார்.

அப்போது மாப்பிள்ளை பேசினார். அவர் சொன்னதை அன்று மாலையே எழுதிவைத்துவிட்டேன், பின்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால். "மச்சான், இப்படிப் பாருங்க. கலசத்துக்குக் கீழ, தரையையும் ஒரு படியா கணக்கு வெச்சுக்கிட்டா ஏழு ஆயிடுதுல்ல?"

"அப்ப ஏழு படி வாங்கினவ வீட்டுல எட்டா?" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். ஆலோசகரும் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவரைச் சாய்த்தது வேறொரு கணக்கு. ஆலோசகர் விரலை நொடித்து, "ஒரு படி கொறைஞ்சா சின்னப் பெட்டியிலயே அடங்கிடும் சார். கூரியர் கீழ் ரேட்டுக்கு வந்துடும்" என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளையின் முகம் தெளிந்தது.

யாரை ஏளனம் செய்வது என்று அன்று முதல் எனக்குக் குழப்பம். ஆலோசகருக்குக் கொலு தெரியாது, அது குற்றமில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தன் வீட்டுக் கூடத்தில் ஏழு படி கட்டி, துணி விரித்து, கலசத்தை மேலே தூக்கிக்கொடுத்த மனிதர். மரப்பலகையும் டிரங்குப்பெட்டியும் போதாமல் ஒருமுறை ஆறு படியோடு நின்றபோது, மாவு டப்பாவைக் கவிழ்த்து ஏழாக்கியவரும் அவரே. கண்ணால் கண்டதைத் தள்ளிவைத்துவிட்டு, எதன் கோடு என்றே தெரியாத ஒரு பச்சைக் கோட்டை நம்பினார். படித்தவன் படிக்காதவன் என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. திரையில் தெரிந்துவிட்டால் போதும், இந்த நாட்டில் சொந்த வீட்டுக் கூடமே பொய்யாகிவிடும்.

ஆடியிலும் ஆவணியிலும் பிரஸ் ஓய்வில்லாமல் ஓடியது. வாங்கிய தகட்டில் பெரும்பகுதியை ஆறு படி செட்டுக்கே வெட்டினார். ஏழு படி கொஞ்சம்தான். அக்கா ஒவ்வொரு செட்டாகக் கட்டி அடுக்கும்போது, "ஆறு... தரையோட ஏழு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அடுக்கினார். மாப்பிள்ளை காது கேட்காதவர் மாதிரி எண்ணெய்க் குப்பியோடு பிரஸ்ஸைச் சுற்றிவந்தார். டையின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அடிக்கும் ஒவ்வொரு படியிலும் இடது மூலையில் மெல்லிய கோடு ஒன்று பதிந்தது. "சீசன் முடியட்டும், டையக் கழட்டி இழைச்சுடுறேன்" என்றார்.

மஹாளய அமாவாசைக்கு முந்தின வாரம் ஆர்டர்கள் வரும் என்று உட்கார்ந்திருந்தோம். ஏழு படி செட்டுகள் மளமளவென்று போயின. கொஞ்சமாகச் செய்ததால் சீக்கிரமே தீர்ந்தன. ஆறு படி சும்மா நின்றது. அதையும் சிலர் வாங்கினார்கள். ஏன் வாங்கினார்கள் என்பது அவர்கள் திருப்பி அனுப்பியபோதுதான் புரிந்தது. ஏழு என்று நினைத்துத்தான் வாங்கியிருந்தார்கள். உலகத்தில் எவனும் ஆறு படிக் கொலுப்படி செய்வான் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. "பெட்டியில் ஒரு படி குறைகிறது. மோசடி" என்று ஒருவர். "ஏழாவது படியை உடனே அனுப்பவும், நாளை கலசம் வைக்கவேண்டும்" என்று இன்னொருவர். எண்ணைக் கவனித்துப் படித்த ஒரே ஒருவர் எழுதியது இது: "கொலுவுக்கு ஆறு படியா? உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா?"

பாகங்களைக் குறைத்து அனுப்பும் விற்பனையாளர் என்று இணையக்கடை அவர் கணக்கில் ஒரு கொடியைக் குத்தியது. குத்தியது மனிதர் இல்லை, அதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறதாம். விளக்கம் சொல்லப் போன் செய்தால், ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்றது. "கொலுப்படி ஒற்றைப்படையில் இருக்கவேண்டும், நான் ஆறில் செய்துவிட்டேன், ஆனால் ஆறுதான் செய்தேன்" என்பதற்கு எந்த எண்ணை அழுத்துவது? நவராத்திரி முதல் நாள், விற்றுத் தீர்ந்த ஏழு படியை மறுபடி அடிக்கத் தகடு வாங்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஏழு படிப் பக்கமும் மறைந்துபோயிருந்தது.

ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். பிரஸ்ஸின் பெரிய சக்கரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். பூசணிக்காயை வாசலில் உடைத்தார்கள். பின்னால் கூரை உயரத்துக்கு ஆறு படிப் பெட்டிகள். தங்கை சூடம் காட்டும்போது அந்தப் பெட்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ஆலோசகர் போன் செய்தார். கொஞ்சமும் அசரவில்லை. "சார், பொருள்ல தப்பே இல்ல. கேட்டகரிதான் தப்பு. கொலுப்படிக்குத்தான் தடை, மத்ததுக்கு இல்ல. செருப்பு ஸ்டாண்டுன்னு போடுங்க." மாப்பிள்ளை தன் வீட்டு வாசலில் ஒரு செட்டை மாட்டி, குடும்பத்துச் செருப்புகளை அடுக்கிப் படம் எடுத்தார். தங்கையின் செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அதுவும் படத்தில் தெரிந்தது.

"அம்பாளுக்குன்னு அடிச்ச படி. அதுல போயி செருப்ப வெக்கிறீங்களே, நல்லாருப்பமா?" என்றாள்.

"அம்பாளுக்குன்னு அடிச்சத யாரு வாங்குனா?" என்றார் அவர்.

தீபாவளிக்குள் ஆறு படி செட்டுகள் எல்லாம் ஆறு தட்டுச் செருப்பு ஸ்டாண்டுகளாகிப் போய்விட்டன. "உறுதியாக இருக்கிறது, செருப்புகள் விழுவதில்லை" என்று ஐந்து நட்சத்திரம். அம்பாளுக்கு ஒன்று, செருப்புக்கு ஐந்து. மாப்பிள்ளை மறுபடி தகடு வாங்கினார். பிரஸ் மறுபடி ஓடியது. "பிரஸ் நிக்காது மச்சான்" என்று போனில் சொன்னபோது குரலில் பழைய தெம்பு இருந்தது. அந்த ஒரு மாதம் எனக்கே வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது. செருப்பு ஸ்டாண்டு என்றால் என்ன, அதுவும் ஒரு பொருள்தானே. ஒரு மனிதர் தகட்டை வாங்கி, மடித்து, சாயம் பூசி விற்கிறார்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள் தங்கை தன் போனைக் காட்டினாள். இணையக்கடையில் இன்னொரு விற்பனையாளர், அதே ஸ்டாண்டு, இன்னும் மலிவாக. படமும் அதே படம். என் தங்கை வீட்டு வாசல், வாசலில் அவள் போட்ட கோலத்தின் ஓரம், ஊக்கு குத்திய செருப்பு.

"இது என் செருப்புண்ணா" என்றாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

புகார் செய்தோம். "உங்கள் கவலையை நாங்கள் புரிந்துகொள்கிறோம்" என்று நொடிக்குள் பதில் வந்தது. எங்கள் கவலையை எங்களுக்கு முன்பே புரிந்துகொண்ட அந்தக் கணினிக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன். பிறகு பதில் இல்லை. நாளாக ஆக மாப்பிள்ளையின் ஸ்டாண்டு பட்டியலில் கீழே இறங்கியது. முதல் பக்கத்தின் அடிக்கு, இரண்டாம் பக்கத்துக்கு, மூன்றாம் பக்கத்துக்கு. மூன்றாம் பக்கம் வரை தேடிப் போய்ச் செருப்பு ஸ்டாண்டு வாங்குகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

இந்த ஊரில் பஞ்சாலைகள் மூடப்பட்டதைப் பார்த்தவன் நான். கேட்டில் பூட்டு தொங்கியது. வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், கோஷம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். திட்டுவதற்கு முதலாளி இருந்தான், அமைச்சர் இருந்தார். ஆலை செத்த நாள் என்று ஒன்று இருந்தது. அதைக் குறித்துவைக்க முடிந்தது. மாப்பிள்ளையின் பட்டறை எந்தத் தேதியில் செத்தது என்று யாராவது கேட்டால், வாழ்நாள் முழுக்க இறப்புப் பதிவேடு எழுதிய என்னால் சொல்ல முடியாது. பூட்டு இல்லை, கேட் இல்லை. ஒரு பொருளை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டால் போதும். ஷெட் திறந்தபடியே இருக்கும், விளக்கு எரியும், மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கருத்தரங்குகளில் இதைத்தான் மாற்றம் என்று சொல்லிக் கை தட்டுகிறார்கள்.

மார்கழியில் டெலிவரி கம்பெனி ஆளுக்கு மாப்பிள்ளையே போன் செய்தார்.

பொங்கல் கழித்து பிரஸ்ஸை எடுத்தார்கள். பழைய இயந்திரம் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவன் ஆட்களோடு வந்தான். இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, கடப்பாரையால் நெம்பி, விரல்கடை விரல்கடையாக வாசலுக்குத் தள்ளினார்கள். சக்கரத்தில் ஆயுத பூஜைச் சந்தனம் அப்படியே காய்ந்திருந்தது. தரையில் நாலு போல்ட் ஓட்டைகள் மிஞ்சின. டையை மட்டும் மாப்பிள்ளை ஒரு சாக்கில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார்.

"அதையும் குடுத்துடுங்க சார். பிரஸ் இல்லாம அத வெச்சு இன்னா பண்ணப்போறீங்க?" என்றான் வியாபாரி.

மாப்பிள்ளை சாக்கோடு தூக்கி லாரியில் தானே வைத்தார். "ஓரத்துல ஒரு கீறல் இருக்கு. எடது மூலையில கோடு விழும். எடுத்துட்டுப் போறவன்கிட்ட மறக்காம சொல்லிடு, இழைச்சுக்கச் சொல்லு" என்றார். வியாபாரி தலையாட்டினான். எங்கே போகிறது என்று நான் கேட்டேன். "ஆள் வந்தாப் போவும் சார்" என்றான்.

பெயர்ப்பலகையில் இருந்த "தயாரிப்பாளர்கள்" மேல் டெலிவரி கம்பெனிக்காரர்கள் தங்கள் வண்ணத்தைப் பூசினார்கள். அக்காவை அவர்களே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கையில் ஒரு கருவி. வரும் பெட்டிகளை அதனால் பீப் அடிக்க வேண்டும். அடுத்த விஜயதசமி முடிந்த வாரம் அந்தப் பக்கம் போனேன். மாப்பிள்ளை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார்.

"வாங்கண்ணா" என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "கொலுப்படி திரும்பி வருது, பாருங்க. யாரோ செஞ்சது, யாரோ வெச்சது. முன்னாடி நான் கட்டி அனுப்பினேன், இப்ப வாங்கி அடுக்குறேன். எப்படியும் குங்குமம் என் கையிலதான்."

"ஏழா, ஆறா?" என்று கேட்டேன்.

"ஏழுதாண்ணா. ஆறு செய்ய இன்னொருத்தன் இனிமேத்தான் பொறக்கணும்" என்றார், நாற்காலிக்குக் கேட்கும்படியாகவே. மாப்பிள்ளை சிரித்துவிட்டார். ஆனால் லாரியிலிருந்து கொலுப்படி வரும் நீளமான பெட்டி ஒன்றை இறக்கத் தொடங்கியதும் எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தார். நீளப் பெட்டி வந்தால் எப்போதும் அப்படித்தான் என்று அக்கா சொன்னார்.

சென்ற பங்குனியில், குருசுக்குப்பத்தில் என் வீட்டுக்கு எதிர் வீட்டு வாசலில் புதிதாக ஒரு செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தேன். ஆறு தட்டு. இணையக்கடையில் வாங்கியது என்று அந்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தட்டிலும் இடது மூலையில் ஒரு மெல்லிய கோடு. அடியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு விற்பனையாளர் பெயரும் வேறொரு மாநிலத்துப் பின்கோடும் மட்டும் இருந்தன. செய்தவர் யார் என்று இல்லை. மாப்பிள்ளையை வரச்சொன்னேன். வந்தார். செருப்புகளை நகர்த்திவிட்டு அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். எதிர்வீட்டுக்காரர், ஸ்டாண்டில் ஏதும் கோளாறா என்று கேட்டார்.

"இல்லீங்க, நல்ல சாமான்தான்" என்றார் மாப்பிள்ளை. தெருவுக்கு வந்ததும் என்னிடம், "தெரியல மச்சான். கீறல் விழுந்த டை எல்லா ஊர்லயும் இருக்கும்" என்றார்.

பழைய இயந்திர வியாபாரியின் போன் இப்போது எடுக்கப்படுவதில்லை. பின்கோடு உள்ள ஊருக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அந்த ஸ்டாண்டு மாப்பிள்ளையின் பிரஸ்ஸில், அவர் செய்த டையில் அடித்ததுதானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.